நியாய விலை: பரானா நதியின் ஐம்பதாண்டுக் கணக்கு

பாடபேதம் பற்றிய விவாதங்கள் தமிழ் வாசகர்களுக்குப் புதியவை அல்ல. சுவடியில் ஒரு சொல் மாறியிருந்தால் செய்யுளின் பொருள் மட்டுமல்ல, சில வேளைகளில் அதை எழுதியவரின் காலமும் சமயமுமே மாறிவிடக்கூடும் என்பதை அறிந்தவர்கள் நாம். ஆனால் அரசுகள் தமக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தங்களை அந்தக் கண்ணோடு நாம் வாசிப்பதில்லை. அவை வழக்கறிஞர்களுக்கும் அதிகாரிகளுக்கும் உரியவை என்று ஒதுங்கிவிடுகிறோம்.

இக்கட்டுரை அப்படிப்பட்ட ஓர் ஆவணத்தின் பாடபேதத்தைப் பற்றியது. 1966ஆம் ஆண்டில் பிரேசிலும் பராகுவேயும் சேர்ந்து எழுதிய ஒரு தாளில் ‘நியாய விலை’ என்றொரு தொடர் இருந்தது. 1973ஆம் ஆண்டில் அதே இரு நாடுகளும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் அந்தத் தொடர் இல்லை. அதன் இடத்தில் ‘ஈட்டுத்தொகை’ என்ற சொல் வந்து அமர்ந்திருந்தது. தென்னமெரிக்காவின் மிகப்பெரிய மின்நிலையமான இட்டைப்புவின் வரலாற்றை இந்த ஒரு சொல் மாற்றத்தின் வரலாறாகவும் சொல்ல முடியும்.

தூய ஆற்றலுக்காக நாடுகள் கைகோக்க வேண்டும் என்ற பேச்சு இன்று எல்லா மாநாடுகளிலும் ஒலிக்கிறது. நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் விலக வேண்டுமானால் நதியும் காற்றும் வெயிலும் அதிகமாக உள்ள நாடு, அவை குறைவாக உள்ள நாட்டோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது நியாயமான வாதம்தான். அப்பேச்சுகளில் இட்டைப்பு ஒரு முன்மாதிரியாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. இரண்டு நாடுகள், ஒரு நதி, ஓர் அணை, ஆளுக்குப் பாதி. முன்மாதிரிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் எதற்கு முன்மாதிரி என்பதை அதன் வரலாற்றைப் புரட்டிய பிறகே நாம் சொல்ல முடியும்.

*

எல்லையில் ஓர் அருவி

கதை அணையிலிருந்து தொடங்குவதில்லை, ஒரு போரிலிருந்து தொடங்குகிறது. 1864 முதல் 1870 வரை பராகுவே ஒருபுறமும் பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே ஆகிய மூன்றும் மறுபுறமுமாக நடந்த போர் அது. பராகுவேயின் அதிபர் பிரான்சிஸ்கோ சொலானோ லோபெஸ் 1870 மார்ச் 1 அன்று செரோ கோராவில் கொல்லப்பட்டபோது அந்த நாட்டில் மிச்சமிருந்தது மிகக் குறைவு. இறந்தோர் எண்ணிக்கையைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆண்களில் பெரும்பகுதியினர் அழிந்தார்கள் என்பதில் மட்டும் எவருக்கும் ஐயமில்லை.

பிரேசிலின் படைகள் தலைநகர் அசுன்சியோனில் தங்கியிருந்த காலத்திலேயே, 1872இல், எல்லை ஒப்பந்தம் எழுதப்பட்டது. எல்லை பரானா நதியின் வழியாக ‘ஏழு அருவிகள்’ என்ற இடம் வரை செல்லும், அங்கிருந்து மரகாஜு மலைத்தொடரின் முகட்டின் மீது மேற்கே திரும்பும் என்று வகுத்தார்கள். வரைபடத்தில் இது தெளிவாகத்தான் இருந்தது. தரையில் சிக்கல் இருந்தது. மரகாஜு மலைத்தொடர் நதியை நெருங்கும் இடத்தில் இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. எந்தக் கிளை எல்லை என்பதில் இரு நாடுகளும் வேறுபட்டன. அந்த இரண்டு கிளைகளுக்கு இடைப்பட்ட சிறிய நிலத்தை ஒட்டித்தான் அருவி விழுந்துகொண்டிருந்தது.

ஏழு என்பது பெயர்தான். ஏழு தொகுதிகளாகப் பிரிந்து பதினெட்டோ பத்தொன்பதோ அருவிகள் அங்கே விழுந்தன. பராகுவேயில் அதற்குக் குவைரா அருவி என்று பெயர். உயரத்தால் அன்று, விழும் நீரின் அளவால் உலகின் தலையாய அருவிகளில் ஒன்றாக எண்ணப்பட்டது அது. அகன்று விரிந்து வந்த பரானா அங்கே ஒரு குறுகிய பிளவுக்குள் நெருக்கப்பட்டு வீழ்ந்தது.

தொண்ணூறு ஆண்டுகளாக அந்த எல்லைச் சச்சரவு எவரையும் பெரிதாக உறுத்தவில்லை. 1960களில் பிரேசிலின் பொறியாளர்கள் அருவியை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். சாவோ பாவுலோவின் தொழிற்சாலைகள் பெருகிக்கொண்டிருந்தன. நீரைத் தன் மண்ணுக்குள்ளேயே திருப்பி முழு மின்சாரத்தையும் பிரேசில் மட்டுமே எடுத்துக்கொள்ளும் ஒரு திட்டம் 1962இல் வரையப்பட்டது. பராகுவே எதிர்ப்புத் தெரிவித்தது. 1965இல் பிரேசில் சிறிய படைப்பிரிவு ஒன்றைச் சர்ச்சைக்குரிய நிலத்திலுள்ள போர்த்தோ ரெனாத்தோ என்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் அங்கே பார்வையிடச் சென்ற பராகுவேயின் உயர் அதிகாரிகளை அப்படையினர் பிடித்துவைத்தார்கள். அசுன்சியோனில் பழைய போரின் நினைவு கிளறப்பட்டது.

*

இரண்டு பிரதிகள்

இந்தக் கொந்தளிப்பைத் தணிக்க இரு நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள், பிரேசிலின் ஜுராசி மகல்யாயிசும் பராகுவேயின் ராவுல் சபேனா பாஸ்தோரும், எல்லையில் சந்தித்தார்கள். 1966 ஜூன் 22 அன்று இக்வாசு அறிக்கை எனப்படும் ஆவணம் கையெழுத்தானது. அதன் சாரம் இது: ஏழு அருவிகள் தொடங்கி இக்வாசு ஆறு வந்து கலக்கும் இடம் வரை பரானாவின் நீர்வீழ்ச்சியிலிருந்து பெறப்படும் மின்சாரம் இரு நாடுகளுக்கும் சரிபாதி. ஒரு நாடு தன் பாதியைப் பயன்படுத்த இயலாவிட்டால், மீதியை வாங்க மற்ற நாட்டிற்கு முன்னுரிமை உண்டு. வாங்கும் விலை ‘நியாய விலை’யாக இருக்கும். அதை இரு நாட்டு வல்லுநர்களும் பின்னர் நிர்ணயிப்பார்கள்.

சிறிய நாட்டின் பார்வையில் இது ஒரு வெற்றி. அருவி யாருடையது என்ற கேள்வியைக் கைவிடாமலேயே அருவியின் ஆற்றலில் பாதியைப் பராகுவே பெற்றுவிட்டது. அன்று அதன் மின்தேவை மிகச் சிறியது. தன் பாதியில் பெரும்பகுதியை விற்கத்தான் வேண்டியிருக்கும் என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். ஆகவே ‘நியாய விலை’ என்பதே அந்த ஆவணத்தில் பராகுவேக்கு உயிரான தொடர்.

ஏழாண்டுகள் கழித்து, 1973 ஏப்ரல் 26 அன்று, பிரசீலியா நகரில் இறுதி உடன்படிக்கை கையெழுத்தானது. கையெழுத்திட்டவர்கள் இரண்டு தளபதிகள்: பிரேசிலின் எமிலியோ கராஸ்தாசு மெதிசி, பராகுவேயின் ஆல்ஃபிரெதோ ஸ்ட்ரோஸ்னர். முன்னவர் 1964 முதல் ஆண்டுகொண்டிருந்த ராணுவ ஆட்சியின் மிகக் கடுமையான கட்டத்திற்குத் தலைமை தாங்கியவர். பின்னவர் 1954இல் அதிகாரத்தைப் பிடித்து 1989 வரை விடாதவர்.

இந்தப் பிரதியில் மூன்று மாற்றங்களை நாம் காண்கிறோம். முதலாவதாக, வாங்குவதற்கான ‘முன்னுரிமை’ வெறும் ‘வாங்கும் உரிமை’ ஆயிற்று. முன்னுரிமை என்றால் மூன்றாமவர் ஒருவர் இருக்க இடமுண்டு. உரிமை என்றால் அந்த இடமும் இல்லை. பராகுவே தன் மீதி மின்சாரத்தை அர்ஜென்டினாவுக்கோ வேறெவருக்குமோ விற்க முடியாது என்றே பொருள் கொள்ளப்பட்டது. இரண்டாவதாக, விலை என்ற கருத்தே மறைந்தது. மின்சாரம் அதன் அடக்க விலைக்குக் கணக்கிடப்படும். கடன், வட்டி, பராமரிப்பு ஆகியவற்றை ஈடுகட்டும் அளவுக்குக் கட்டணம். அதற்கு மேல் இலாபம் என்பது கிடையாது. மூன்றாவதாக, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் நாட்டிற்கு ஓர் ‘ஈட்டுத்தொகை’ கிடைக்கும். அதன் அளவு ஒரு ஜிகாவாட் மணிக்கு 300 டாலர். நம் வீட்டு மின்கணக்கில் சொல்வதானால் பத்து லட்சம் யூனிட்டுக்கு 300 டாலர்.

நியாய விலையை நிர்ணயிக்க வல்லுநர்கள் கூடி வாதிட வேண்டும். ஈட்டுத்தொகைக்கு வாதம் தேவையில்லை. ஒரு சொல் கேள்வியைத் திறந்துவைத்தது, மற்றொன்று மூடிவிட்டது. கட்டண விதிகளை 50 ஆண்டுகளுக்குப் பிறகுதான் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் இணைப்பில் எழுதப்பட்டது. அதாவது 2023இல். கையெழுத்திட்ட எவரும் அந்த நாளைப் பார்க்கப்போவதில்லை.

பிரேசிலின் தரப்பையும் நாம் கேட்டாக வேண்டும். அணைக்கான நிறுவனத்தின் மூலதனம் 100 மில்லியன் டாலர். ஆளுக்கு 50 மில்லியன். பராகுவேயிடம் அந்தத் தொகை இல்லை, பிரேசில் வங்கியே அதைக் கடனாகக் கொடுத்தது. மீதிச் செலவு முழுவதும் கடன். அந்தக் கடனுக்குப் பிணை நின்றது பிரேசில். அணையின் மின்சாரத்தை வாங்கும் கடமையையும், அதன் வழியாகக் கடனை அடைக்கும் சுமையையும் பெருமளவு ஏற்றது பிரேசிலின் நுகர்வோர். ஒரு காசும் கையிலிருந்து போடாமல் உலகின் மிகப்பெரிய மின்நிலையத்தில் பாதியைப் பெற்ற நாடு வேறேது என்று பிரேசிலில் கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் பொருள் இல்லாமலில்லை. ஆனால் பராகுவே போட்ட முதல் பணமன்று, நதி. அதற்கு விலை வைக்கத்தான் அந்தத் தொடர் இருந்தது.

*

பாடும் கல்

இட்டைப்பு என்பது குவாரனி மொழிச் சொல். ஒலிக்கும் கல் என்று பொருள். அணை எழுந்த இடத்தில் நீரின் நடுவே இருந்த ஒரு சிறு பாறைத்தீவின் பெயர் அது.

1978 அக்டோபரில் பரானாவைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். அதற்கென 2 கிலோமீட்டர் நீளமும் 150 மீட்டர் அகலமும் 90 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு கால்வாய் பாறையைக் குடைந்து வெட்டப்பட்டது. உலர்ந்த ஆற்றுப்படுகையில் 196 மீட்டர் உயரத்திற்கு அணை எழுந்தது. கீழே இருந்த அர்ஜென்டினா அஞ்சியது. பகைமை மூண்டால் மதகுகளைத் திறந்து புவனோஸ் ஐரஸை மூழ்கடித்துவிடலாமே என்பது வரை பேச்சு எழுந்தது. 1979 அக்டோபரில் மூன்று நாடுகளும் நீர்மட்டம் குறித்து ஓர் உடன்பாட்டிற்கு வந்த பிறகுதான் அந்த அச்சம் அடங்கியது.

1982 அக்டோபர் 13 அன்று கால்வாயின் கதவுகள் மூடப்பட்டன. 14 நாட்களில் ஏரி நிரம்பியது. 1,350 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஏறக்குறைய 170 கிலோமீட்டர் நீளம். அதன் மேல்முனையில் ஏழு அருவிகள் நீருக்கடியில் போயின.

அதற்கு முன் மக்கள் விடைபெற வந்திருந்தார்கள். அருவியைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கூட்டம் கூட்டமாகக் குவைரா நகருக்குப் பயணித்தார்கள். 1982 ஜனவரி 17 அன்று அருவிகளுக்கு மேலிருந்த தொங்குபாலம் ஒன்று பாரம் தாங்காமல் அறுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பிரேசிலின் பெருங்கவிஞர் கார்லோஸ் டிரம்மண்ட் டி ஆந்த்ராடே ஏழு அருவிகளுக்கு விடைகொடுக்கும் கவிதையொன்றை நாளிதழில் வெளியிட்டார். தணிக்கையின் பிடி தளரத் தொடங்கியிருந்த காலம் அது. அணையைப் பற்றிப் பொதுவெளியில் எழுந்த பெரிய எதிர்ப்புக் குரல் ஒரு கவிதையாக இருந்தது என்பதை இலக்கிய வாசகர்கள் கவனிக்காமல் இருக்க முடியாது.

பராகுவேயில் அந்த அளவுக்கும் இடமில்லை. அந்நாட்டின் தலைசிறந்த நாவலாசிரியரான அகுஸ்தோ ரோவா பாஸ்தோஸ் 1947 முதல் நாடுகடந்து வாழ்ந்தவர். 1982இல் தாயகத்திற்கு வந்தபோது ஸ்ட்ரோஸ்னர் அரசு அவரை மீண்டும் வெளியேற்றியது. ஏரி நிரம்பிய ஆண்டும் அதுவே.

பிரேசிலில் அதற்கு மூன்றாண்டுகள் முன்பு இன்னும் இருண்ட ஒன்று நடந்திருந்தது. ஜொஸே ஜோபிம் ஓய்வுபெற்ற தூதர், பராகுவேயில் பணியாற்றியவர். 1979 மார்ச்சில் பிரசீலியாவில் நடந்த புதிய அதிபரின் பதவியேற்பு விழாவில், தாம் எழுதிவரும் நினைவுக்குறிப்புகளில் இட்டைப்புவின் செலவுக் கணக்கில் நடந்த முறைகேடுகளைச் சொல்லப்போவதாகக் கூறினார். ஒரு வாரத்தில் காணாமல் போனார். தூக்கில் தொங்கியவராகக் கண்டெடுக்கப்பட்டார், தற்கொலை என்றார்கள். 39 ஆண்டுகள் கழித்து, 2018இல், அவருடைய இறப்புச் சான்றிதழ் திருத்தப்பட்டது. இறப்பு வன்முறையால் நேர்ந்தது, அதற்குக் காரணம் பிரேசில் அரசு என்று அதில் எழுதப்பட்டது.

இன்னொரு பாடபேதம். தாளில் ஒரு சொல்லைத் திருத்துவதற்குச் சில வேளைகளில் ஒரு தலைமுறையே தேவைப்படுகிறது.

*

ஐம்பதும் அறுபதும்

1984 மே மாதம் முதல் மின்னாக்கி ஓடத் தொடங்கியது. இறுதியில் 20 மின்னாக்கிகள், ஒவ்வொன்றும் 700 மெகாவாட், மொத்தம் 14,000 மெகாவாட். சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணை வரும்வரை உலகின் மிகப்பெரிய மின்நிலையம் இதுவே. 2016இல் மட்டும் 103 பில்லியன் யூனிட்டுக்கு மேல் அது உற்பத்தி செய்தது.

இங்கே பொறியியலில் ஒரு விநோதம் உண்டு. பிரேசிலின் மின்வலையில் மாறுமின்னோட்டம் நொடிக்கு 60 சுற்று, பராகுவேயில் 50 சுற்று. பராகுவேயும் 60க்கு மாறிவிட்டால் செலவு மிச்சம் என்று பிரேசில் விரும்பியது. பராகுவே மறுத்துவிட்டது. ஆகவே 20 மின்னாக்கிகளில் பத்து 60 சுற்றிலும் பத்து 50 சுற்றிலும் ஓடுகின்றன. பராகுவே விட்டுக்கொடுக்கும் மின்சாரத்தைப் பிரேசில் அப்படியே பயன்படுத்த முடியாது. அதை முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றி, 600 கிலோவோல்ட் அழுத்தத்தில் சுமார் 800 கிலோமீட்டர் தொலைவுக்குச் சாவோ பாவுலோவின் அருகே கொண்டுசென்று, அங்கே மீண்டும் 60 சுற்று மாறுமின்னோட்டமாக ஆக்குகிறார்கள். அந்தக் காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய நேர்மின்னோட்டப் பாதை அது.

சிறிய நாடு ஒன்று தன் பாதியைத் தன்னுடையதாக வைத்துக்கொள்ள எடுத்த முயற்சி அந்தப் பத்து மின்னாக்கிகளில் இன்றும் சுழல்கிறது. ஆனால் சுழன்றதன் பயன் எங்கே போயிற்று? ஆற்றங்கரையில் பிரம்மாண்டமான மின்னாக்கிகள். அசுன்சியோனிலோ கோடைதோறும் மின்வெட்டு. பெரிய மின்பாதையை வடகிழக்கே சாவோ பாவுலோவுக்குத்தான் இழுத்தார்கள், மேற்கே அசுன்சியோனுக்கு அல்ல. இட்டைப்புவிலிருந்து அசுன்சியோன் அருகிலுள்ள வில்லா ஹயஸ் வரை 500 கிலோவோல்ட் பாதை 2013 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. முதல் மின்னாக்கி ஓடி 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பராகுவேயின் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் நீரிலிருந்து வருகிறது. காகிதத்தில் உலகின் மிகத் தூய மின்வலைகளில் அது ஒன்று. ஆனால் அந்நாட்டின் அடுப்புகளிலும் செங்கற்சூளைகளிலும் தொழிற்சாலைகளிலும் விறகும் கரியும் எரிகின்றன, வண்டிகளில் இறக்குமதி செய்த எண்ணெய் எரிகிறது. மின்சாரம் தூயதாயிற்று, வாழ்க்கை அதற்கு மாறவில்லை. உபரி மின்சாரம் ஊருக்குள் வரும் வழி அமையாதபோது இதைத் தவிர வேறென்ன நிகழும்?

*

கடன் கணக்கு

உடன்படிக்கை எழுதப்பட்டபோது செலவு இரண்டு பில்லியன் டாலர் அளவில் மதிப்பிடப்பட்டது. அணை எழுந்த ஆண்டுகளில் எண்ணெய் விலை ஏறியது, 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க வட்டி விகிதம் விண்ணைத் தொட்டது. அதோடு ஒப்பந்தக்காரர்களின் கணக்கும் சேர்ந்தது. பராகுவேயில் அவர்களுக்கு ‘இட்டைப்புவின் பிரபுக்கள்’ என்றே பெயர் ஏற்பட்டது. பராகுவே ஒப்பந்தக்காரர்களின் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்த ஹுவான் கார்லோஸ் வாஸ்மோசி 1993இல் நாட்டின் அதிபரே ஆனார்.

1980களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள், பிரேசிலின் மின்விநியோக நிறுவனங்கள் அடக்க விலைக்கும் குறைவாகவே கட்டணம் செலுத்தின. உடன்படிக்கையின்படி அது கூடாது. துண்டு விழுந்த தொகை அணையின் கடனிலேயே ஏற்றப்பட்டது. அதாவது பாதி உரிமையாளரான பராகுவேயின் தலையிலும். இதைப் பராகுவேயில் ‘போலிக் கடன்’ என்கிறார்கள். சுமார் 4 பில்லியன் டாலர் என்பது அவர்கள் கணக்கு. பிரேசில் அதை ஏற்பதில்லை.

2023 பிப்ரவரி 28 அன்று கடைசித் தவணை செலுத்தப்பட்டது. அசலும் வட்டியுமாகக் கட்டித் தீர்த்தது 63 பில்லியன் டாலருக்கும் மேல் என்று அணை நிறுவனம் அறிவித்தது. ஒரு மின்நிலையம் தன்னைத் தானே விலை கொடுத்து மீட்டுக்கொள்ள ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின.

*

கேள்வி மீண்டும் எழுந்த கதை

ஸ்ட்ரோஸ்னர் 1989இல் கவிழ்க்கப்பட்டுப் பிரேசிலில் அடைக்கலம் புகுந்தார். 2006இல் அவர் இறந்தது உடன்படிக்கையில் கையெழுத்திட்ட அதே பிரசீலியா நகரில். அணைக்கு அருகே அவர் பெயரைத் தாங்கியிருந்த நகரம் சியூதாத் தெல் எஸ்தே, கிழக்கு நகரம், என்று பெயர் மாறியது. உடன்படிக்கை மட்டும் ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தது.

2008 தேர்தலில் முன்னாள் ஆயர் பெர்னாந்தோ லூகோ ‘நீர்மின் இறையாண்மை’ என்ற முழக்கத்தோடு நின்று வென்றார். பொறியாளர் ரிக்கார்தோ கனேசே போன்றவர்கள் பல ஆண்டுகளாகக் கணக்குப் போட்டுக் காட்டிவந்த அநீதி முதன்முறையாகத் தேர்தல் மேடைக்கு வந்தது. 2009 ஜூலை 25 அன்று லூகோவும் பிரேசில் அதிபர் லூலாவும் அசுன்சியோனில் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். ஈட்டுத்தொகையைப் பெருக்கும் காரணி 5.1இலிருந்து 15.3 ஆகும். ஆண்டுக்குச் சுமார் 120 மில்லியன் டாலராக இருந்தது 360 மில்லியன் ஆகும். 2011இல் பிரேசிலின் நாடாளுமன்றம் அதை ஏற்றது. வில்லா ஹயஸ் மின்பாதையும் அந்த அறிக்கையின் விளைவே. பராகுவே தன் மின்சாரத்தைப் பிரேசில் சந்தையில் நேரடியாக விற்கலாம் என்ற வாக்குறுதி மட்டும் நெடுங்காலம் காகிதத்திலேயே இருந்தது.

மூன்று மடங்கு உயர்வு சிறிதன்று. ஆனால் கவனிப்போம்: உயர்ந்தது ஈட்டுத்தொகை. விலை என்ற சொல் அப்போதும் திரும்பவில்லை.

2019 மே மாதம் இரு அரசுகளும் மின்கொள்முதல் பற்றி ஓர் ஆவணத்தில் இரகசியமாகக் கையெழுத்திட்டன. அது பராகுவேயின் செலவைக் கூட்டும் என்று அந்நாட்டு மின்வாரியத்தின் தலைவர் செயல்படுத்த மறுத்துப் பதவி விலகினார். ஜூலை இறுதியில் விவரம் வெளியாக, அசுன்சியோன் தெருக்கள் நிறைந்தன. வெளியுறவு அமைச்சர் பதவி இழந்தார், அதிபர் மாரியோ அப்தோ பெனிதெஸ் பதவிநீக்கத்தின் விளிம்புவரை சென்றார். ஆகஸ்ட் 1 அன்று அந்த ஆவணம் செல்லாதென இரு நாடுகளும் அறிவித்தன. 1973இல் ஒரு சொல் மாறியபோது கேட்க இயலாதிருந்த மக்கள், 2019இல் ஒரு பத்தியைக் கண்டு தெருவுக்கு வந்தார்கள். ஐம்பதாண்டுகளில் நிகழ்ந்த மிகப்பெரிய மாற்றம் இதுவே என்பது நம் எண்ணம்.

2023 வந்தது, மறுபரிசீலனைக்கான நாளும் வந்தது. 2024 மே மாதம், 2024 முதல் 2026 வரையிலான கட்டணம் கிலோவாட்டுக்கு மாதம் 19.28 டாலர் என உடன்பாடாயிற்று. இணைப்பைத் திருத்துவதற்கான பேச்சு நீண்டது. 2025 ஏப்ரலில் பராகுவே பேச்சை நிறுத்திவைத்தது. பிரேசிலின் உளவுத்துறை, இட்டைப்பு பேச்சுவார்த்தை தொடர்பாகப் பராகுவே அதிகாரிகளின் கணினிகளுக்குள் புகுந்திருந்தது என்ற செய்தி வெளியானதே காரணம். முந்தைய அரசின் காலத்தில் தொடங்கியது அது, 2023 மார்ச்சில் தாங்களே நிறுத்திவிட்டோம் என்றது பிரேசில். அணைக்கட்டின் மேல் இரு கொடிகள் பறக்க, உள்ளே பங்காளி பங்காளியை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தான்.

*

கணக்கில் வராதவர்கள்

இதுவரை நாம் இரு நாடுகளின் பங்கைப் பற்றியே பேசினோம். நதிக்கு மூன்றாவது உரிமையாளர் ஒருவர் உண்டு. ஏரி நிரம்பும் முன் பிரேசில் பக்கத்தில் மட்டும் சுமார் 40,000 பேர் நிலத்தைவிட்டு எழுந்தார்கள். அவர்களில் உழவர்கள் 1980களின் தொடக்கத்தில் அணை நிறுவனத்தின் அலுவலகத்தின் முன் கூடாரமடித்துப் போராடினார்கள். நல்ல இழப்பீடு கேட்ட அந்தப் போராட்டம், பிரேசிலின் நிலமற்றோர் இயக்கத்திற்கு விதையிட்டவற்றில் ஒன்று.

ஆவா குவாரனி மக்களின் நிலை வேறு. அவர்களிடம் பட்டா இல்லை. ஊர் ஊராக இருந்தவர்களைப் பிரேசிலின் கரையில் 231 ஹெக்டேர் கொண்ட ஒரு குறுகிய நிலத்துண்டில் கொண்டுசென்று வைத்தார்கள். பராகுவேயின் கரையிலும் குவாரனி ஊர்கள் நீருக்கடியில் போயின. அணைக்குப் பெயர் கொடுத்தது அவர்கள் மொழி. 1989இல் அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் இட்டைப்பு என்ற பெயரிலேயே ஒரு சேர்ந்திசைப் படைப்பை உருவாக்கினார், அது குவாரனி மொழியிலேயே பாடப்படுகிறது. பாடும் கல் அதற்குள் நீருக்குள் போயிருந்தது.

2025 மார்ச்சில் பிரேசிலின் உச்ச நீதிமன்றம் ஓர் உடன்பாட்டை ஏற்றது. அணை நிறுவனம் ஆவா குவாரனி மக்களுக்காக 3,000 ஹெக்டேர் நிலத்தை வாங்கித் தர வேண்டும், பொதுவெளியில் மன்னிப்பும் கேட்க வேண்டும். நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, ஆற்றின் ஒரு கரையில்.

*

இட்டைப்பு தோல்வி என்று நாம் சொல்லவில்லை. ஒரு போரின் காயம் ஆறாத எல்லையில், படைகள் நின்ற நிலத்தில், இரு நாடுகள் சேர்ந்து ஒரு நிறுவனத்தை நடத்திவருகின்றன. அதன் ஆட்சிக்குழுவில் இருபுறமும் சம எண்ணிக்கையில் இருக்கைகள். சச்சரவுக்கு உள்ளான நிலத்தில் இன்று இரு நாடுகளும் சேர்ந்து காக்கும் காட்டுயிர்ப் புகலிடம் இருக்கிறது. அந்த மின்சாரத்திற்காக எரியாமல் போன எண்ணெயும் நிலக்கரியும் கொஞ்சமல்ல. இவையெல்லாம் உண்மை.

சரிபாதி என்பதும் உண்மைதான். ஆனால் தன் பாதியை ஒரே ஒருவருக்குத்தான் விற்க முடியும் என்றும், விலையை அவரிடம் பேச முடியாது என்றும் ஆகிவிட்டால் அந்தப் பாதிக்கு என்ன பொருள்? தூய ஆற்றலுக்காக இனி எழுதப்படவிருக்கும் உடன்படிக்கைகள் பல. பாலைவனத்து வெயிலுக்காகவும் கடற்காற்றுக்காகவும் மலைநாட்டு நதிகளுக்காகவும் பெரிய நாடுகள் சிறிய நாடுகளின் கதவைத் தட்டும். அப்போது எத்தனை மெகாவாட் என்றே முதலில் பேசுவார்கள். விலை, மறுபரிசீலனை, யாருக்கு விற்கலாம் என்ற சொற்கள் பின்னிணைப்பில் சிறிய எழுத்தில் இருக்கும்.

1966இன் தாளைப் பராகுவே மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கற்ற செய்யுளின் அடியைப் போல ‘நியாய விலை’ என்ற அந்தத் தொடரை அங்கே பலரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அதை வைத்தே தேர்தலில் நின்றார்கள், தெருவில் இறங்கினார்கள். இறுதிப் பிரதியிலிருந்து நீக்கப்பட்ட ஒரு சொல்லை மக்கள் நினைவில் வைத்திருந்தால் அது முற்றிலும் நீங்குவதில்லை. மூலபாடத்தைத் தேடிப் படிப்பவர்களாகிய நமக்கு இது புரியாத செய்தியன்று.